ஓடு உடைந்து ஐம்பத்திரண்டு மணி நேரம்

முகோனோ, உகாண்டா
4 ஆகஸ்ட் 2025

தனத்துக்கு,

என் போன் எண்ணை நீ தடுத்து வைத்து மூன்று வருஷம் மூன்று மாதம் ஆகிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் சென்னிமலை இங்கே ஆறு மாதம் போர்வெல் போட்டுவிட்டு நாளை ஊர் திரும்புகிறார். புதுச்சத்திரத்தில் இறங்கி உன் கையில்தான் கொடுக்க வேண்டும், அப்பா கையில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே நகாத்தோ அம்மா என்று ஒருவர். நாற்பது பெண்கள் சேர்ந்து கோழி வளர்க்கும் சங்கத்தின் தலைவி. 2022 மே மாதம் நம் ஹேச்சரியில் பொரித்து அனுப்பிய குஞ்சுகளை வாங்க விமான நிலையத்துக்கு வந்து, பாதிக்கு மேல் செத்துக் கிடந்த பெட்டிகளோடு திரும்பிப் போனவர். போன வாரம் என் தீவனக் கடைக்கு வந்தார். அன்று பிழைத்த குஞ்சுகள் நன்றாக முட்டை வைத்தனவாம். இன்னொரு முறை வாங்கிப் பார்க்கிறோம் என்கிறார். இந்த முறையும் செத்தால் என் கடை வாசலை மிதிக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார். அந்த நாற்பது பேர் போனால் எனக்கு இங்கே கடை இல்லை.

நான்காயிரம் பெட்டைக் குஞ்சு. நவம்பரில் வேண்டும்.

பெங்களூர் விமான நிலையத்திலிருந்து என்டெபி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஐயாயிரத்து இருநூறு கிலோமீட்டர். சங்ககிரி லாரி டெல்லிக்குப் போய்த் திரும்புவதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நேர் விமானம் கிடையாது. போன முறை அனுப்பிய வழி ஐயாயிரத்து ஐந்நூறு, பறக்கும் நேரம் ஏழு மணி நாற்பது நிமிடம். அதைவிடக் குறைந்த வழி இல்லை. அதிலேயே அனுப்பலாம். போன முறை மாதிரி பொரிக்கும் அறையிலிருந்து குஞ்சை முன்கூட்டியே எடுத்துவிடாமல் இருந்தால் பிழைக்கும்.

நம் அப்பாவிடம் நீதான் பேச வேண்டும்.

ஜீவானந்தம்

*

புதுச்சத்திரம்
9 ஆகஸ்ட் 2025

ஜீவானந்தம் அவர்களுக்கு,

சென்னிமலை கடிதத்தைக் கொடுத்து ஒரு டம்ளர் மோர் குடித்தார். "பதில் என்னன்னு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க" என்றார். மெயிலில் அனுப்பிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போன் வேண்டாம். போனில் பேசினால் நீங்கள் ஜெயிப்பீர்கள். எழுத்தில் அவரவர் சொன்னது அப்படியே நிற்கும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி நிற்கிறது: "குஞ்சை முன்கூட்டியே எடுத்துவிடாமல் இருந்தால்."

ஏழு மணி நாற்பது நிமிடம் என்பது விமானத்தின் கணக்கு. குஞ்சின் கணக்கு வேறு. அடைக்கு வைத்த இருபத்தோராம் நாளில் முதல் குஞ்சு ஓட்டை உடைக்கும் நிமிடத்தில் அதன் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதற்கு எழுபத்திரண்டு மணி நேரச் சோறு, தண்ணீர். 2022இல் ஓடு உடைந்ததிலிருந்து உங்கள் கையில் பெட்டி சேர்ந்தது வரை அறுபத்தாறு மணி நேரம். வழியில் ஒரு விமான நிலையத்தில் காத்திருந்த பதினொரு மணி நேரமும் அதில் அடக்கம். ஆறு மணி நேரம் மிச்சம் இருந்தது. அப்படியும் செத்தது.

அதற்கு நான் காரணம் என்று நீங்கள் அப்பாவிடம் போனில் சொன்னீர்கள். வேலைக்காரர்கள் முன்னால் அப்பா என்னிடமிருந்து குஞ்சு பொரிக்கும் ஹேச்சர் அறைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. பதினான்கு வருஷம் குஞ்சு பொரித்தவள், மூன்று வருஷமாக முட்டைக்கு விளக்கடித்துக் கரு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று உங்கள் ஊர்க் கால்நடை அதிகாரி ஒரு சான்று கொடுத்திருப்பார். இறந்தது எத்தனை, பிழைத்தது எத்தனை என்று. அதை எனக்கு யாரும் காட்டவில்லை. அனுப்புங்கள். பிறகு நவம்பரைப் பற்றிப் பேசலாம்.

தனப்பிரியா

*

முகோனோ
17 ஆகஸ்ட் 2025

தனத்துக்கு,

பழைய காகிதத்தைத் தோண்டி என்ன ஆகப் போகிறது? இறந்தது அறுபது சதவீதம். அது உனக்கும் தெரியும்.

கேட்டாய் என்பதற்காகப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். மழையில் ஒரு ஓரம் நனைந்துவிட்டது. எண்கள் தெரிகின்றன.

நகாத்தோ அம்மா தினமும் கேட்கிறார்.

ஜீவானந்தம்

*

புதுச்சத்திரம்
18 ஆகஸ்ட் 2025

ஜீவானந்தம் அவர்களுக்கு,

இறந்தது 3,112. பிழைத்தது 2,088.

கூட்டினால் 5,200.

நான் அடைத்தது ஐம்பது பெட்டி. பெட்டிக்கு நான்கு கட்டம், கட்டத்துக்கு இருபத்தைந்து. ஒவ்வொரு பெட்டியையும் நானே எண்ணி மூடினேன். ஐந்தாயிரம். பிறகு மருத்துவச் சான்றில் கையெழுத்து வாங்க நாமக்கல் போனேன். திரும்பி வந்தபோது வண்டி கிளம்பத் தயாராக நின்றது.

அந்த இடைவெளியில் பெட்டிக்கு நான்கு குஞ்சு கூடியிருக்கிறது. கட்டத்துக்கு ஒன்று. ஐந்தாயிரத்துக்கு இருநூறு. நூற்றுக்கு நான்கு என்ற கணக்கு எங்கிருந்து வரும் என்று இந்த ஜில்லாவில் கோழிப் பண்ணை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொசுறு.

உள்ளூர்ப் பண்ணைக்கு நாம் கொடுப்பதுதான். பரமத்திக்கோ தம்மம்பட்டிக்கோ விடியலில் ஏற்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் இறக்கிவிடலாம். நூற்றுநான்கு தாங்கும். மே மாதத்தில், மூடிய கிடங்கில் பதினொரு மணி நேரம் நிற்கும் பெட்டி தாங்காது. அவை பசியால் சாகவில்லை. மூச்சு முட்டிச் செத்தன.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். ஆகாயத்தில் போகும் பெட்டிக்கு நூறே அதிகம். லாரிக்கு அடைக்கிற பழக்கத்தில் நானும் நூறு அடைத்தேன். அது என் தவறு. மீதி யாருடையது?

தனப்பிரியா

*

முகோனோ
2 செப்டம்பர் 2025

அம்முணி,

பதினைந்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

மீதி என்னுடையது. நீ நாமக்கல் போயிருந்தபோது மூடியைத் திறந்து கட்டத்துக்கு ஒன்று நான்தான் போட்டேன். உள்ளூருக்கென்று அன்று பொரித்த குஞ்சுகளிலிருந்து எடுத்தேன். சீமைக்கு முதல் சரக்கு அனுப்புகிறோம், கொசுறு இல்லாமல் அனுப்பினால் நாமக்கல்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்ற பேச்சு வந்தது. அது சரியென்று எனக்கும் பட்டது.

அப்போது நான் முகோனோவில் கடைக்கு இடம் பார்த்து முடித்திருந்தேன். சரக்கோடு நானும் கிளம்பினேன். இங்கே முதல் பெட்டியைத் திறந்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில் இருந்தவை தட்டையாகக் கிடந்தன. ஓரத்தில் துளையை ஒட்டி நின்றவை மட்டும் பிழைத்திருந்தன. அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர், "புள்ள நேரங்காலம் பாக்காம எடுத்துட்டாளாட்டம் இருக்குது" என்றார். நான் ஆமாங்க என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சான்றை அனுப்பும் முன் நானும் கூட்டிப் பார்த்தேன். நீயும் கூட்டுவாய் என்று தெரிந்தே அனுப்பினேன்.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. பிறகு நீ குஞ்சு அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி.

அண்ணன்

*

புதுச்சத்திரம்
10 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

படித்துக் காட்டினேன். மத்தியானச் சாப்பாட்டின்போது. அப்பா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். முடித்ததும் மோர் ஊற்றச் சொன்னார். பிறகு தட்டைப் பார்த்தே பேசினார்.

"நாந்தான் போடச் சொன்னேன்."

"அதை மூணு வருசமா ஏனுங்க சொல்லல?"

"சொல்லியிருந்தாச் செத்தது பொழைச்சிருமா?"

"செத்தது பொழைக்காதுங்க. நான் பொழைச்சிருப்பனுங்க."

அப்பா எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நவம்பர் சரக்கைப் பற்றிச் சொன்னேன். பெட்டிக்கு எண்பது போடப்போகிறேன் என்றேன்.

"எம்பதா? அட சாமி, பொட்டியில பாதி காத்தையா ஏத்தி அனுப்புவே?"

"ஆமாங்க. காத்தைத்தான் அனுப்பறேன். அன்னைக்குப் பத்தாமப் போனது அதுதானுங்க."

"சரி, கொசுறு?"

"போகுதுங்க. தனிப் பொட்டியில."

ஐம்பது பெட்டியில் நான்காயிரம். ஐம்பத்தொன்றாவது பெட்டியில் எண்பது. நூற்றுக்கு இரண்டு. அப்பா விரல் மடக்கிப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "இந்த ஒரு தடவைக்கு" என்றார்.

இனிக் கணக்கு. எல்லாம் நம் ஊர் நேரத்தில் எழுதுகிறேன். உங்கள் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இரண்டு கடிகாரத்தையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அக்டோபர் 13 திங்கட்கிழமை முட்டை அடைக்குப் போகும். நவம்பர் 2 ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முதல் குஞ்சு ஓடு உடைக்கும். திங்கள் காலை ஒன்பதுக்கு எடுத்து, ஊசி போட்டு, எண்ணி அடைத்து, மத்தியானம் ஒரு மணிக்கு லாரி கிளம்பும். செவ்வாய் காலை 4.10க்கு விமானம். வளைகுடாவில் ஒரு நகரத்தில் 8.15க்கு இறங்கி, 11.30க்கு அடுத்த விமானம். என்டெபியில் மாலை 4.45. முகோனோவில் உங்கள் கையில் இரவு ஒன்பதரை. மொத்தம் ஐம்பத்தொன்றரை மணி நேரம்.

பழைய வழி வேண்டாம். இந்த வழியில் ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர்.

தனம்

*

முகோனோ
13 செப்டம்பர் 2025

அம்முணி,

சாவி வந்ததைப் படித்துவிட்டுக் கடையை ஒரு மணி நேரம் மூடிவிட்டு வெளியே நடந்து வந்தேன். அவ்வளவுதான் எழுத வருகிறது.

ஆனால் வழி விஷயத்தில் நீ சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பழைய வழியைவிடத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் சுற்று. பறக்கும் நேரம் ஒன்றரை மணிக்கு மேல் கூடுகிறது. கிட்ட வழி இருக்கும்போது தூர வழியில் போகிறவளை நான் பார்த்ததில்லை. சங்ககிரியில் எந்த லாரிக்காரரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார். சிரிப்பார்.

அண்ணன்

*

புதுச்சத்திரம்
14 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

கேட்டேன். நம் குஞ்சு வண்டி ஓட்டும் ஜெகதீஸ்வரன் சங்ககிரிக்காரர்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"தொப்பூர்க் கணவாயில மூணு மணி நேரம் நிக்கறதுக்குச் சுத்திக்கிட்டுப் போறதே மேலுங்கக்கா. ஓடற வண்டிக்குக் காத்து வரும். நிக்கற வண்டிக்கு எங்கிருந்துங்க வரும்? உங்க அண்ணன் லாரியே ஓட்டுனதில்லைங்களா?"

சிரித்தார். உங்களைப் பார்த்துத்தான்.

பழைய வழியில் பறப்பதும் நிற்பதும் சேர்ந்து பதினெட்டு மணி நாற்பது நிமிடம். புது வழியில் பன்னிரண்டரை. குஞ்சுக்குக் கிலோமீட்டர் தெரியாது.

தனம்

*

பெங்களூர் விமான நிலையம், சரக்குக் கிடங்கு
3 நவம்பர் 2025, இரவு 9.20

அண்ணனுக்கு,

இதைக் கொசுறுப் பெட்டியின் மூடி மேல் ஒட்டி அனுப்புகிறேன். கையெழுத்து மோசமாக இருந்தால் மன்னிக்கவும். பெட்டி மேல் வைத்து எழுதுகிறேன். உள்ளேயிருந்து கொத்துகிறார்கள்.

முதல் குஞ்சு ஞாயிறு மாலை 6.05க்கு ஓடு உடைத்தது. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் நின்றார். "அஞ்சு நிமிசம் லேட்டு" என்றார்.

காலையில் பெட்டிக்கு எண்பது என்று எண்ணி அடைத்தோம். கட்டத்துக்கு இருபது. நடுவில் இடம் காலியாகத் தெரிந்தது. வேலைக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சௌந்திரம் கேட்டேவிட்டாள்: "அக்கா, மீதியை எப்ப போடறதுங்க?" அப்பா அவளை அதட்டினார். "அதுதான் மொத்தம். மூடு."

ஓமலூர் தாண்டும்போது தொப்பூரில் கண்டெய்னர் ஒன்று குறுக்கே சாய்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஜெகதீஸ்வரன் என்னைக் கேட்கவே இல்லை. மேச்சேரிப் பக்கம் திருப்பி, பென்னாகரம் சுற்றித் தருமபுரி ஏறினார். தூரம் அதிகம். வண்டி எங்கும் நிற்கவில்லை. "உங்க அண்ணன்கிட்டச் சொல்லீருங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

பெட்டியைத் திறந்ததும் குஞ்சை எடுத்து அதன் காலை உங்கள் கழுத்தில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. சில்லென்றிருந்தால் உடனே விளக்குக்குக் கீழே விடுங்கள். தண்ணீர் முதலில். தீவனம் அரை மணி கழித்து.

பெட்டிகளை உள்ளே எடுத்துப் போகிறார்கள். இதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை.

தனம்

*

முகோனோ
5 நவம்பர் 2025

அம்முணி,

முதலில் நேரம். விமானம் என்டெபியில் நம் ஊர் நேரம் 4.50க்கு இறங்கியது. முகோனோவில் பெட்டிகளை இறக்கியபோது பத்து மணி ஐந்து நிமிடம். கம்பாலா நெரிசல் அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டது. ஓடு உடைந்து சரியாக ஐம்பத்திரண்டு மணி நேரம்.

போன முறை பெட்டிகள் வந்தபோது சத்தமே இல்லை, தனம். அந்த அமைதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த முறை சரக்குக் கிடங்கில் தள்ளுவண்டி திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே சத்தம் வந்துவிட்டது. வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை, நான்காயிரம் குரல் கேட்கிறது. நகாத்தோ அம்மா என் முழங்கையைப் பிடித்த பிடியில் இன்னும் வலிக்கிறது.

முகோனோவில் நாற்பது பெண்களும் சங்கக் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்கள். முதல் பெட்டியை நகாத்தோ அம்மாதான் திறந்தார். நீ எழுதியதைச் சொன்னேன். ஒரு குஞ்சை எடுத்து அதன் காலைத் தன் கழுத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு போட்டார் பார் ஒரு குலவை, நம் ஊர்க் கோயிலில் கேட்ட மாதிரியே. நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

கால்நடை அதிகாரி எண்ணி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. சான்றை இணைத்திருக்கிறேன். பிழைத்தது 4,049. இறந்தது 31. கூட்டிப் பார்.

ஐம்பத்தொன்றாவது பெட்டியில் எண்பதும் உயிரோடு இருந்தன. இது யாருடையது, விலையில் இது இல்லையே என்று நகாத்தோ அம்மா கேட்டார். கொசுறு என்றால் என்ன என்று நான் இங்கிலீஷில் விளக்கியதில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் காரியத்தில் காட்டினேன். இறந்த முப்பத்தொன்றுக்கு ஈடாக அதிலிருந்து முப்பத்தொன்று. ஆளுக்கு நூறு சரியாகப் போயிற்று. மீதி நாற்பத்தொன்பது. வீட்டுக்கு ஒன்றாக நாற்பது. ஒன்பது மிஞ்சி என் வீட்டுக் குளியலறையில், விளக்குக்குக் கீழே இருக்கின்றன. இன்று காலை நான் குளிக்கவில்லை.

ஜனவரியில் எட்டாயிரம் வேண்டுமாம். "பெட்டிக்கு எத்தனை?" என்று கேட்டேன். அவர் உன் பெட்டியின் மூடியைக் காட்டினார். அதில் நீ எழுதியிருந்த 80ஐ.

அன்று போனில் நான் ஆமாங்க என்றது தவறு. இதை இந்த நாற்பது பேர் முன்னால் நகாத்தோ அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போன முறை செத்தது என் கையால், இந்த முறை பிழைத்தது என் தங்கை கையால் என்று. அவர் சொன்ன பதில்: "தங்கையை மாற்றிவிடாதே."

அண்ணன்

*

புதுச்சத்திரம்
6 நவம்பர் 2025

அண்ணா,

உங்கள் கடிதத்தை ஹேச்சர் அறை வாசலில் வைத்துப் படித்தேன். அன்று அப்பா என் சாவியை வாங்கிக்கொண்டபோது அங்கே நின்றவர்கள் எல்லாரும் இன்றும் நின்றார்கள். அவர்களை அப்பாதான் கூப்பிட்டார். நான் கேட்கவில்லை.

எண்கள் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். முட்டை அட்டை ஒன்றைக் கிழித்து, சௌந்திரத்திடம் பேனா வாங்கி, 4,049ஐ மேலே எழுதி, 31ஐக் கீழே எழுதிக் கூட்டினார். இன்னொரு தடவையும் கூட்டினார்.

"நாலாயிரத்து எம்பது. சரியா இருக்குது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "அன்னைக்கும் இவ கணக்குச் சரியாத்தான் இருந்துச்சு. தப்பு நான் பண்ணுனது."

 சௌந்திரம், "அப்பறம் என்னுங்க, டீ வாங்கிக் குடுங்க" என்றாள். வாங்கிக் கொடுத்தார். வடையும்.

எல்லாரும் போனபிறகு சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"எதுக்கு?"

"இந்த ஒரு தடவைக்குன்னு சொன்னீங்களே."

"அந்தத் தடவையே இன்னும் முடியலையே அம்முணி. ஒம்பது மிச்சமிருக்குதுல்லொ?"

சாவி என்னிடமே இருக்கிறது. ஜனவரிக்கு டிசம்பர் 15 அன்று முட்டை அடைக்குப் போகிறது. நூறு பெட்டி, கொசுறுக்கு இரண்டு.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். உங்கள் ஊரில் காலை ஏழரை என்றால் இங்கே பத்து. அந்த நேரத்துக்கு அப்பா சும்மாதான் இருப்பார். கூப்பிடுங்கள். அந்த ஒன்பதும் எப்படி இருக்கின்றன என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

தனம்